காத்து குடிக்கிற ரூபர்ட்

"இன்னிக்கும் நீதானா!"

தண்ணிக்கு மேல தலை வந்ததுமே மார்வாம்மா கத்தினாங்க. பக்கத்துல அவங்க புருஷன் ரூபர்ட், முகமூடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு அசட்டுச் சிரிப்பு சிரிச்சாரு.

"காத்து குறைஞ்சுடுச்சு கண்ணு. நான் என்ன பண்ணட்டும்?"

"நிதானமா மூச்சு விடு! கடலுக்குள்ள வந்து மாரத்தானா ஓடறே?"

ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான். கரீபியன் கடல்ல இருக்கிற எங்க காரியகூ தீவு ரிசார்ட்டுக்கு வர்றவங்களை டைவிங் கூட்டிட்டுப் போற படகை நான்தான் ஓட்டறேன். வயசு வித்தியாசமில்லாம இங்க எல்லாருக்கும் நான் அத்தைதான். முந்தி என் வீட்டுக்காரர் ஓட்டினாரு. நடுக்கடல்ல ஒரே ஒரு பாறை இருந்தாலும் தேடிப் போய் இடிப்பாரு மனுஷன். அதைச் சொன்னா பொழுது போயிடும், விடுங்க.

கடலுக்குள்ள ஜோடி ஜோடியாத்தான் இறங்கணும். ஒருத்தருக்குக் காத்து குறைஞ்சா, ஜோடியும் கூடவே மேல வந்துடணும். அதனால தினமும் ரூபர்ட்டால மார்வாம்மாவுக்கும் டைவ் பாதியில முடிஞ்சுடும்.

எங்க படகுல ஒரு வழக்கமும் உண்டு. முதல்ல காத்து தீர்ந்து வர்றவங்கதான் அன்னிக்கு எல்லாரோட டைவிங் டிரஸ்ஸையும் நல்ல தண்ணியில அலசிப் போடணும். வந்த நாள்லேருந்து அந்த வேலை ரூபர்ட்டுக்குத்தான்.

"என்ன ரூபர்ட் அண்ணே, கரீபியன் காத்தையெல்லாம் நீங்களே குடிச்சுத் தீர்த்துடுவீங்க போலிருக்கே!" பார்படோஸ்லேருந்து வந்த நைஜல், தன்னோட டிரஸ்ஸைக் கழட்டி அவர் தலை மேலயே போடுவான். "அக்குள்ள நல்லாக் கசக்குங்க!"

ரூபர்ட் சிரிச்சுக்கிட்டே கசக்குவாரு.

எனக்கே எரிச்சலா இருக்கும். ஏன்னா மார்வாம்மாவோட ஆசை அப்படி. ட்ரினிடாட்ல ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. இங்க கடலடியில ஒரு பழைய இழுவைப் படகு மூழ்கிக் கிடக்கு. அதோட சுக்கானைக் கையால தொட்டுட்டு வர்றேன்னு சர்ச்சுல அத்தனை பேர் முன்னாடியும் சொல்லிட்டு வந்துட்டாங்க.

"தொடாம ஊருக்குப் போக மாட்டேன் அத்தை. பாதியில திரும்பற பழக்கமே எனக்குக் கிடையாது."

எங்க சித்தி மக வெலோனாவும் இப்படித்தான். பாய்மரப் பந்தயத்துல ஜெயிக்காம முடி வெட்ட மாட்டேன்னு சபதம் போட்டா. பின்னல் இடுப்பைத் தாண்டிப் போய் பாய்க்கயித்துல சிக்கிக்கிச்சு. அது பெரிய கூத்து.

நான் எங்க விட்டேன்? ஆங், மார்வாம்மா. முதல் நாள் மேல வந்தப்போ, "அடியில ஒண்ணுமே தெரியல"ன்னாங்க. அடுத்த நாள், "புகைபோக்கி தெரிஞ்சது அத்தை!" அதுக்கடுத்த நாள், "மேல்தளத்துக்குப் பக்கத்துலயே போயிட்டேன், இந்த மனுஷன் கெடுத்துட்டான்!"

படகுல இருக்கிற எனக்கு குமிழியைப் பார்த்துதான் யார் எங்கன்னு தெரியும். மத்தவங்க குமிழி விட்டு விட்டு வரும். ரூபர்ட்டுக்கு மட்டும் நல்லாத்தான் வந்துக்கிட்டிருக்கும், திடீர்னு அடுப்புல பானை பொங்கின மாதிரி கொதிச்சுக் கொட்டும். உடனே ரெண்டு பேரும் மேல வந்துடுவாங்க. தொப்பைக்காரருக்கு மூச்சு முட்டுது பாவம்னு நினைச்சுக்குவேன்.

கடைசி நாள் மார்வாம்மா பொறுமை போயிடுச்சு.

"கென்ரிக்!" அவன்தான் இவங்களை உள்ள கூட்டிட்டுப் போற வழிகாட்டி. "இன்னிக்கு நான் உன்கூட ஜோடி. இந்த ஆளை வேற யார் தலையிலயாவது கட்டு."

"மார்வா, நான்..." ரூபர்ட் முகம் செத்துப் போச்சு.

"பேசாதே! உன்னை நம்பினா நான் சுக்கானைக் கனவுலதான் தொடணும்."

நைஜல் தலையில அடிச்சுக்கிட்டான். "என் தலையிலயா? போச்சு, இன்னிக்கு என் டைவும் பாதிதான்!"

இறங்கினாங்க. எனக்கு இருப்புக் கொள்ளல. சாப்பிடக் கொண்டு வந்த பொரிச்ச ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்ல, குமிழியையே பார்த்துக்கிட்டிருந்தேன். மார்வாம்மா குமிழி படபடன்னு வந்தது. நின்னுடுவாங்கன்னு நினைச்சேன். நிக்கல. அப்படியே முன்னால போச்சு.

கொஞ்ச நேரத்துல ரெண்டு தலை மேல வந்தது. நைஜலும் ரூபர்ட்டும்.

"சொன்னேன்ல!" நான் கத்தினேன். "ஏன் ரூபர்ட், இன்னிக்குமா?"

நைஜல் என்னைப் பார்க்கல. "எனக்குத்தான் அத்தை... காத்து தீர்ந்துடுச்சு."

அதுக்குள்ள படகுக்கு அந்தப் பக்கம் ஒரே கூச்சல். "தொட்டுட்டேன்! தொட்டுட்டேன்! ரூபர்ட், ரெண்டு கையாலயும் தொட்டேன்! பார்த்தியா, நீ இல்லாம என்னால முடியுது!"

"முடியும் கண்ணு, முடியும்!" ரூபர்ட் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. உப்புத் தண்ணியா இருக்கும்னு நினைச்சேன்.

அவர் சிலிண்டரைக் கழட்டினேன். காத்து மீட்டரைப் பார்த்தா, பாதிக்கு மேல அப்படியே இருக்கு! வாயைத் திறந்தேன். சட்டுனு மீட்டரைக் கையால பொத்தினாரு.

"அத்தை, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சத்தம் போடாதீங்க."

"அப்போ தினமும் தீர்ந்ததெல்லாம்?"

"வாயில வைக்கிற காத்துக் கருவியில ஒரு பட்டன் இருக்குல்ல? அவளுக்கு உள்ளுக்குள்ள பயம். கை நடுங்க ஆரம்பிச்சதும், நானே அதை அமுக்கிக் காத்தை வெளியே விட்டுடுவேன்." நைஜலோட டிரஸ்ஸையும் எடுத்து வாளியில போட்டாரு. "பயந்து அவளாத் திரும்பினா, மறுநாள் இறங்கவே மாட்டா அத்தை. என்னாலன்னா, என்னைத் திட்டிக்கிட்டே இறங்கிடுவா."