கடைசிக் கட்டம்

பரிசோதனை அறைக்கு வெளியே, டியூப் லைட்டின் வெளிறிய வெளிச்சத்தில், அக்கா கைப்பையை மடியில் வைத்து அதன்மேல் படிவத்தை நிரப்புகிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கைக்கு அதன் கேள்விகள் மனப்பாடம். மார்பகப் புற்றுநோய்ச் சோதனைக்குப் பெண்கள் ஏன் வருவதில்லை என்று அறிய அவளே எழுதி, இருபது வருடமாக ஊர் ஊராகக் கொண்டுபோய் விசாரித்துவரும் படிவம் அது. ‘கட்டி தெரிந்தும் ஏன் தாமதித்தீர்கள்?’ பயம், வெட்கம், செலவு, நேரமில்லை. அக்காவின் பேனா ஒவ்வொன்றிலும் நின்று நின்று இறங்குகிறது. “இதுல எதைடி போடறது?” “எது உண்மையோ அதைப் போடுக்கா.” சொல்லும்போதே தங்கையின் பார்வை படிவத்தின் அடிக்குப் போகிறது. கடைசிக் கட்டத்தை, முதல் வேலையிலேயே மேலதிகாரியோடு மல்லுக்கு நின்று சேர்த்தவள் தங்கைதான்: ‘சோதித்துப் பார்க்கும்படி யாரும் சொல்லவில்லை.’ அக்கா அதில் பொறுமையாக டிக் அடித்து, மை காய வாயால் ஊதிவிட்டு, படிவத்தை அவளிடம் நீட்டுகிறாள். “சரியா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுடி.”