மூன்று சொட்டு வல்லாரை

"இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுடி, மாதங்கி..."

"விட முடியாதும்மா! இந்த வல்லாரைச் சொட்டுல தெருவிலுள்ள பெரியவங்க எல்லாருக்கும் நினைவு திரும்பிடுச்சு. அப்பா மட்டும் உன்னை யாரோன்னு நினைச்சுக்கிட்டு..."

"நினைக்கட்டுமே! 'நீங்க சாப்பிட்டீங்களாம்மா'ன்னு கேக்குறாரு. நாற்பது வருஷக் குடித்தனத்துல ஒரு நாள் கேட்டிருப்பாரா?"

மகள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அப்பாவின் நாக்கில் மூன்று சொட்டு விட்டாள்.

கோமளவல்லி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். விடிந்ததிலிருந்து அவருடைய ஈரத்துணிகளைத் துவைத்த அலுப்பு. இன்னும் பத்து வருஷம் துவைக்கச் சொன்னாலும் துவைத்திருப்பாள்.

அருணகிரி கண்ணைக் கசக்கிக்கொண்டு மனைவியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏய், என்னடி உக்காந்துகிட்டு? எந்திரிச்சுப் போய் வேலையப் பாரு."

மாதங்கி கைதட்டினாள்.

"அம்மா! அப்பாவுக்கு உன்னைத் தெரிஞ்சிடுச்சு!"