கமாண்டர் தூக்காத மூங்கில்

"வண்டி போகாது." கமாண்டர் துங்காவ் துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டு ஐந்தாவது தடவையாகச் சொன்னார். சாலைக்குக் குறுக்கே மூங்கில். அதற்கு இந்தப் பக்கம் தடுப்பூசி வண்டி.

அகதி முகாமில் முந்நூறு குழந்தைகள், தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. பெட்டியிலிருந்த ஐஸ் சாயங்காலம் வரைதான் தாங்கும். தெற்குப் பிலிப்பைன்ஸின் இந்த லிகுவாசான் சதுப்புப் பக்கம் பதினாறு வருடமாகத் துப்பாக்கிக்காரர்களிடம் பேசிப் பேசியே நிவாரண வண்டிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்த நோர்ஹாதாவுக்கே தொண்டை கட்டிவிட்டது.

பக்கத்தில் லிரியோ, பேச்சுவார்த்தைப் பாடத்தின் களப்பணிக்கு மணிலாவிலிருந்து வந்த கல்லூரி மாணவி. "மேடம், எதிராளியோட கவலை என்னன்னு கேக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கு," என்று கிசுகிசுத்தாள்.

"சும்மா இரும்மா. அந்தாளுக்கு என்ன கவலை? நம்மளக் காக்க வெச்சுட்டு ஜம்முனு உக்காந்திருக்காரு."

நோர்ஹாதாவுக்கு ஒன்றுதான் புரியவில்லை. வந்ததும் கமாண்டர் வாழையிலையில் கோழியும் சோறும் கொடுத்தார், இரண்டு தடவை காப்பியும் ஆயிற்று. வண்டியைத் திருப்பி அனுப்ப நினைக்கிறவர் யாரும் இந்தப் பக்கத்தில் வந்தவர்களுக்குச் சோறு போடுவதில்லை.

"வண்டியில ஆயுதம் இருக்கா?"

"நாலு தடவை பிரிச்சுப் பாத்தாச்சே, கமாண்டர்!"

"என் பேத்திங்க ரெண்டு பேர் அந்த முகாம்லதான் இருக்காங்க. அவங்களுக்கும் ஊசி உண்டா?"

"முதல் ஊசியே அவங்களுக்குத்தான்!"

"அப்படியா? யோசிக்கணும்." கமாண்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மூன்றாவது காப்பிக்குச் சொன்னார். அதை அவர் தலையிலேயே கொட்டலாமா என்றிருந்தது நோர்ஹாதாவுக்கு.

காப்பி முடிந்தது. கமாண்டர் சட்டென்று எழுந்தார். "தூக்குங்கடா மூங்கிலை!"

டிரைவர் விழுந்தடித்து ஓடி எஞ்சினைக் கிளப்பினார். லிரியோவோ கல்லூரிப் படிவத்தை நீட்டிக்கொண்டு கமாண்டரிடம் ஓடினாள். எதிர்த்தரப்பின் கையெழுத்து இல்லாமல் களப்பணி செல்லாது. அவரும் பெரிய மனது பண்ணிப் போட்டுக் கொடுத்தார்.

பிறகு தன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளைப் பிரித்தார். அதே கல்லூரி முத்திரை, தபால் வழிப் படிப்பு. புதுப் பெண் மாதிரி நெளிந்துகொண்டு நோர்ஹாதாவிடம் நீட்டினார்.

"எனக்கும் ஒரு கையெழுத்து, மேடம். பேச்சுவார்த்தை மூணு மணி நேரத்துக்குக் குறைஞ்சா மார்க் கிடையாதாம்!"