வானநீலச் சிலிண்டர்கள்

சுடர் பச்சையாக மாறியது.

சுங்க அதிகாரி அப்துல் ரஹீம் சோதனை விளக்கின் குழாயைச் சிலிண்டரின் வாயிலிருந்து விலக்கினார். பச்சை மறைந்தது. மறுபடி அருகே கொண்டுபோனார். மறுபடி பச்சை.

பட்டர்வொர்த் துறைமுகக் கிடங்கில் மதியப் புழுக்கம். திறந்து கிடந்த கொள்கலனுக்குள் சிலிண்டர்கள் கூரை வரை அடுக்கப்பட்டிருந்தன. எல்லாம் வானநீலம்.

வானநீலம் என்றால் புதிய குளிர்பதன வாயு, ஆர்-134ஏ. அதில் குளோரின் கிடையாது. விளக்கின் செம்புத் தகட்டில் பட்டாலும் சுடர் நிறம் மாறாது. பச்சை காட்டுவது பழைய வாயு, ஆர்-12. ஓசோனை அரிப்பது. சுங்கப் பட்டியலில் அதற்கு வேறு எண். இறக்குமதி செய்யத் தனி அனுமதி வேண்டும். 1996இல் அந்த அனுமதி லேசில் கிடைக்காது.

ரஹீம் ஒரு சிலிண்டரை நகத்தால் சுரண்டினார். நீலத்துக்கு அடியில் வெள்ளை. ஆர்-12 சிலிண்டரின் நிறம்.

"அந்த விளக்கு பழசு லா, தம்பி," என்றார் ஆனந்தராஜா. "கேஸ்னா எல்லாம் கேஸ்தான். ஏர்கோன் சில்லுன்னு இருந்தா சரி."

ஆனந்தராஜா எதிரே தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் பீச் ஸ்ட்ரீட்டில் இறக்குமதித் தொழில் செய்பவர். எந்த விழாவிலும் முதல் வரிசையில் உட்காருபவர். ஓசோன் என்பது வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை என்பது அவர் கருத்து. கிடங்குத் தரையில் காலணி அழுக்காகிவிடும் என்று ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போடச் சொல்லி, அதன்மேல் நின்றுகொண்டிருந்தார்.

கிழித்துப் போட்டவள் யோகலட்சுமி. அவருடைய அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்பவள். சுங்கத்துக்கு எழுதுவது, கப்பல் கம்பெனிக்கு ஓடுவது, அவருக்குக் காப்பி கலக்குவது எல்லாம் அவள்தான். அவர் கடல் பாலத்தில் வால்வோ காரில் வந்தார். அவள் ஃபெரிப் படகில் வந்தாள். காரில் இடம் இல்லை என்று சொல்லியிருந்தார். காரில் அவர் மட்டும்தான் இருந்தார்.

இந்தச் சரக்கு வேண்டாம், மாட்டிக்கொள்வோம் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். படித்த கழுதை என்று அலுவலகமே கேட்கச் சிரித்துவிட்டு, சுங்கப் படிவத்தில் என்ன எண் போட வேண்டும் என்று அவரே சொன்னார். அவள் போட்டாள்.

ரஹீம் விளக்கை அணைத்தார். கடுமையான நெடி மட்டும் நின்றது.

சட்டென்று ஆனந்தராஜாவின் பேச்சில் மரியாதை வந்தது. "சார், உண்மைய சொல்லிடறேன். இதெல்லாம் இந்தப் பொம்பள செஞ்ச வேல. நம்பர் போட்டது இவ. கையெழுத்து இவளோடது. புடிக்கணும்னா இவளப் புடிங்க."

சொல்லும்போது அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்தார். கிளப்பில் மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் காத்திருந்தார்கள்.

சிறை என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. ஆனால் மூன்று பேரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது தனக்கில்லை என்ற நிம்மதி ஆனந்தராஜாவின் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார் ரஹீம்.

"கையெழுத்து என்னோடதுதான்," என்றாள் யோகலட்சுமி.

"பாத்தீங்களா?" என்றார் ஆனந்தராஜா.

"நேத்து இங்க வந்து சொன்னதுதான், தம்பி. உள்ள இருக்கறது ஆர்-12. பெர்மிட் இல்ல. எல்லாத்தையும் எடுத்துக்குங்க."

ஆனந்தராஜாவின் கைக்குட்டை கழுத்திலேயே நின்றது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"எடுத்துக்கச் சொல்ல நீ யாருடி?"

அதற்கு ரஹீம் பதில் சொன்னார்.

"கம்பெனி இவங்க பேர்ல இருக்கு. லைசென்ஸ் இவங்க பேர்ல இருக்கு. சரக்கு இவங்களோடது. நீங்க யாரு, சார்?"

இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு கடத்தல் வழக்கில் ஆனந்தராஜாவின் உரிமம் பறிபோனது. தொழிலை விட மனமில்லை. கேள்வி கேட்காத ஓர் ஆள் தேவைப்பட்டது. கம்பெனியை முழுக்க யோகலட்சுமியின் பேருக்கு மாற்றினார். மாட்டினால் அவள், லாபம் என்றால் தான் என்பது அவர் கணக்கு. அவளுக்கு மாதச் சம்பளம் அதேதான். ஐந்து காசு ஏறவில்லை.

நேற்று அவள் தானாக வந்து சொல்லிவிட்டதால், சரக்குப் பறிமுதலோடும் ஓர் அபராதத்தோடும் முடித்துக்கொள்ளலாம் என்று ரஹீமின் மேலதிகாரி சொல்லியிருந்தார். ஆனந்தராஜாவைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதை அவர் வாயாலேயே சொல்லட்டும் என்று விட்டிருந்தாள்.

ரஹீம் காத்திருந்தார்.

முதலாளி என்று சொன்னால் கடத்தியவர் அவர். முதலாளி இல்லை என்றால் பீச் ஸ்ட்ரீட் அலுவலகமும், வங்கிக் கணக்கும், வெளியே நிற்கும் வால்வோவும் அவருடையவை இல்லை. எல்லாம் கம்பெனிப் பேரில்.

ஆனந்தராஜா வாசலில் நின்ற காவலரைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாக யோகலட்சுமியின் முகத்தை நேராகப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான்... சும்மா கூட வந்தேன்," என்றார்.

யோகலட்சுமி தலையசைத்தாள்.

"அப்ப வெளிய நில்லுங்க. வெளியாளுங்க இங்க நிக்கக் கூடாது."