ஊதா மூடி மாலை

நாத்தனார் மாலையை மடியில் விரித்து, ஊதா நிற மூடிகளை மட்டும் எண்ணத் தொடங்கினாள்.

இவள் பக்கத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். புருஷன் போய் ஒன்பது நாள் ஆகிறது. ஆஸ்பத்திரியில் காகிதங்களை வாங்கிக்கொண்டு போக இருவருமாக வந்திருந்தார்கள். வந்த இடத்தில் நர்ஸ் ஓடிவந்து இந்த மாலையைக் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

அந்த நர்ஸுக்கு வார்டில் மூடி அக்கா என்றுதான் பேர். ஊசி மருந்துக் குப்பிகளின் பிளாஸ்டிக் மூடி ஒன்றைக்கூடக் குப்பைக்குப் போக விடமாட்டாள். கொதிக்கவைத்து, ஊசியைச் சூடு காட்டி ஓட்டை போட்டு, தோடு, வளையல், மாலை என்று எதையாவது செய்துவிடுவாள். மூடிக்கும் மூடிக்கும் நடுவே மிஞ்சிய டிரிப் குழாயை மணி மணியாக நறுக்கிக் கோப்பாள். மூடிக்காகத்தானே நீங்க ஊசியே போடுறீங்க என்று டாக்டர்கள்கூடக் கிண்டல் பண்ணுவார்கள்.

கொஞ்சம் தேறியிருந்த ஒரு நாளில் அவன்தான் கேட்டான், என் மருந்து மூடியையெல்லாம் சேர்த்து என் பெண்டாட்டிக்கு ஒரு மாலை கோத்துக் கொடுங்க என்று. அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

வெள்ளை மூடி காய்ச்சலுக்கு. சிவப்பு வலிக்கு. ஊதாதான் அந்தப் பெரிய மருந்து. தினம் ஒன்றாக முப்பத்திரண்டு நாள் விடாமல் போடவேண்டும் என்றார் டாக்டர். வெளியே கடையில் வாங்கிவந்து கொடுப்பது இவள் பொறுப்பு.

அவன் போன அன்றைக்கு, இதே வராந்தாவில், போகிறவர் வருகிறவர் முன்னால் நாத்தனார் கேட்டாள், எல்லாத்தையும் வாங்கிக் குடுத்தியா, இல்லே நடுவுலே விட்டுட்டியா என்று. மூடி அக்காவும் அங்கேதான் நின்றிருந்தாள். குடுத்தேன் என்றாள் இவள். நாத்தனார் நம்பவில்லை. இவளுடைய பிள்ளையைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். புருஷனையே பார்த்துக்கத் தெரியாதவ பிள்ளையை என்னத்தைப் பார்த்துக் கிழிப்பா என்று அவள் சொன்னது சுற்றிவளைத்து இவள் காதுக்கும் வந்தது.

அதற்கும் இவளுக்குக் கோபம் வரவில்லை. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, கேட்டதற்குப் பதில் சொன்னாள். உள்ளே மட்டும் வெகுநேரம் மடக்கி வைத்த கால் மாதிரி மரத்துக் கிடந்தது.

நாத்தனார் எண்ணி முடித்தாள். நம்பாமல் முதலிலிருந்து இன்னொரு தடவை எண்ணினாள்.

"முப்பத்திரெண்டு! ஒண்ணுகூட விடலியே நீ. உன்னைப் போய் என்னென்னமோ பேசிட்டேனே, நான் பாவி!"

இவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓவென்று அழுதாள். மாலையை எடுத்து இவள் கழுத்தில் போட்டு, பின்னால் கொக்கியையும் மாட்டிவிட்டாள். பிள்ளையைச் சாயங்காலமே கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, முகம் கழுவக் குழாயடிக்குப் போனாள்.

இவள் வாங்கியது பத்தொன்பதுதான்.

அந்த மருந்து ஏறினால் அவனுக்கு நடுக்கம் எடுத்துவிடும். கட்டிலே ஆடும். பல் கிட்டிக்கொள்ள, போதும் விட்டுடு என்று கெஞ்சுவான். இருபதாம் நாள் இவள் கடை வாசல் வரைக்கும் போய், சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். கடையில் இல்லை என்று மூடி அக்காவிடம் சொன்னாள். மறுநாளும் அதையேதான் சொன்னாள். அதற்கப்புறம் அக்கா கேட்கவில்லை. டாக்டரிடம் என்ன சொல்லிச் சமாளித்தாளோ தெரியாது. அவன் நடுக்கமில்லாமல் தூங்கினான். அப்படித் தூங்கித் தூங்கியே நாற்பதாம் நாள் போய்ச் சேர்ந்தான்.

மூடி அக்கா வார்டு வாசலில் நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் எழுந்து போனாள்.

"மீதி பதிமூணும் யாரோடது அக்கா?"

அக்கா இவள் தோளில் கை வைத்து, நல்ல சேதி சொல்கிறவளாகக் குரலைத் தாழ்த்தினாள்.

"பயப்படாதே தங்கச்சி, வேற செத்தவங்களோடது எதையும் கோக்கலே. ஏழாம் கட்டில்காரர் இருந்தாரே, அவரோடது. இதே வியாதி, இதே நடுக்கம். முப்பத்திரெண்டையும் போட்டுக்கிட்டு, போன வாரம் நடந்தே வீட்டுக்குப் போனாரு."

இவள் கை தானாகக் கழுத்துக்குப் பின்னால் போய்க் கொக்கியைத் தேடியது.

முகத்தைத் துடைத்துக்கொண்டே நாத்தனார் வந்துகொண்டிருந்தாள். இவள் கையை இறக்கிக்கொண்டாள்.