தண்ணீருக்குள் இறங்கிய பாதை

வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய நாள் அது. தொன்மை மீட்புப் பேரவையின் நிறுவனத் தலைவர் இளஞ்சேட்சென்னி, பழைய யாத்திரைப் பாதையில் ஒரு கூட்டத்தை நடத்திச் சென்றார். மகளுக்குச் சுகப்பிரசவமானால் நடந்தே வந்து தேங்காய் உடைப்பதாக அம்மனுக்கு நேர்ந்துகொண்ட மரகதவல்லி, முழங்கால் வலியோடு கடைசியில் வந்தாள். அணைக்கட்டு கண்ணில் பட்ட இடமெல்லாம் தலைவர் நின்று சொற்பொழிவாற்றினார். மூன்றாவது அணையில் பாதை நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது.

"கோயில் இதுக்கு அடியிலதாம்மா இருக்கு" என்றார், கண் கலங்கி.

"அப்ப அம்மன் எங்கய்யா?"

"அணை கட்டுறப்பவே பஸ் ஸ்டாண்டு பக்கத்துல புதுக்கோயில் கட்டி மாத்திட்டாங்களே."

"இதை முன்னாடியே சொன்னா வாயா வலிக்கும்?"

"சொன்னா யாரும்மா நடப்பாங்க?"

அந்த பஸ் ஸ்டாண்டிலிருந்துதான் விடிகாலையில் கிளம்பியிருந்தார்கள்.