பதின்மூன்றாவது கட்டுரை

“அப்ப கொழும்புல எவனையோ புடிச்சு வச்சிருக்க! அதை மறைக்கத்தான் இந்த மரபணுக் கதையா?”

காளியம்மா போட்ட சத்தத்தில் வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீடுகளில் பாதிக் கதவுகள் திறந்தன. மீதி ஏற்கெனவே திறந்துதான் இருந்தன.

“யாருமில்ல அத்தை. சொந்தத்துல கட்டுனா பிள்ளைக்குப் பரம்பரை நோய் வர்ற வாய்ப்பு கூடும்னு பன்னிரண்டு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கேன். நானே அத்தை மகனைக் கட்டலாமா?” கைக்குழந்தையாகக் கொழும்புக்குப் போன அண்ணன் மகள் துஷாந்தினிக்குக் குரல் உடைந்தது. “மச்சானைப் புடிக்காமலா வந்த வரனையெல்லாம் தட்டுனேன்?”

காளியம்மா நம்பவில்லை. வேறொரு வார்த்தை தொண்டைவரை வந்தது; விழுங்கினாள்.

“அவன் பேரைச் சொல்லு!”

துஷாந்தினி பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். இனி வரமாட்டாள் என்பது அந்த நடையிலேயே தெரிந்தது.

“நில்லுடி! என்ன சொந்தம், என்ன ரத்தம்? திலக்ஷன் நான் பெத்த பிள்ளையே இல்ல. எடுத்து வளர்த்தேன்!”

அண்ணன் வாயையும் சத்தியத்தால் கட்டி, இருபத்தெட்டு வருஷம் காத்த ரகசியம். சொன்ன பிறகுதான் வாசலில் நின்ற திலக்ஷனைப் பார்த்தாள்.

“பத்து வயசுலயே தெரியும்மா,” என்றான் அவன். “நீங்க சொல்லாததை நான் எப்படி இவகிட்ட சொல்றது?”

எட்டிப் பார்த்த எந்த முகத்திலும் ஆச்சரியம் இல்லை. தோட்டத்துக்கே தெரிந்த விஷயம் தெரியாதவள், பரம்பரையை ஆராய்ந்த அவள் ஒருத்திதான்.

தையில் கல்யாணம் முடிந்து இருவரும் கண்டிக்குக் குடிபோனார்கள். பதின்மூன்றாவது கட்டுரையையாவது லயத்தில் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு எழுதச் சொல்லியிருக்கிறாள் மாமியார்.